நான்காம் பகுதியில் நான்கு வாக்கியங்கள்

என் குரல் இப்போது ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் அலமாரிக்குள் கிடக்கிறது. தமிழில் நாற்பது வாக்கியங்கள். ‘வாங்க, விளையாடலாமா’, ‘கையை மேல தூக்குங்க’, ‘ரொம்ப நல்லா செஞ்சீங்க’ என்று எல்லாம் சாதாரண வாக்கியங்கள்தான். பேசிக் கொடுத்ததற்கு ஒரு டி-சட்டையும் ஒரு டின் பிஸ்கட்டும் கிடைத்தன. சட்டை எனக்குப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு லோரி ஓட்டப் போகிறார்.

புக்கிட் ரோத்தான் என்கிற எங்கள் ஊரில், டயர் கடைக்கும் டோபி கடைக்கும் நடுவில், கை கால் சரியாக வராத பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் நான் உதவியாளர். படித்துப் பட்டம் வாங்கியவள் இல்லை. பன்னிரண்டு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் நின்று முட்டி தேய்ந்த பிறகு இங்கே வந்தேன். பிள்ளைகளின் காலை நீட்டி மடக்குவது, அழுதால் தூக்கிக்கொள்வது, பாயை நனைத்தால் துடைப்பது, இதுதான் வேலை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பெற்றவர்கள் நேரம் தவறி வந்தால் வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டுவிடுவேன். பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கோபம் வராது. செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் அடியும் திட்டும் வாங்கி வளர்ந்தவளுக்கு அது எப்படி வராமல் போனது என்று எனக்கே தெரியாது.

யாருக்கு என்ன பயிற்சி, எத்தனை முறை என்று முடிவு செய்கிறவர் பிசியோ. வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். மலாய்க்கார அம்மாள், புவான் என்று கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பிள்ளையின் காலைத் தொட்டாரென்றால் கண்ணை மூடிக்கொள்வார், அந்த நேரத்தில் குறுக்கே யாரும் பேசக்கூடாது.

அந்த மையத்துக்குத்தான் ஒரு வருடத்துக்கு இரவலாக ஒரு ரோபோ வந்தது. கொண்டுவந்தவள் ஒரு சீனப் பெண், டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள். அவளை மிஸ் என்போம். பயணப் பெட்டியைத் திறந்து, தூங்குகிற பிள்ளையை எடுப்பதுபோல அதை எடுத்து நிறுத்தினாள். என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. வெள்ளை உடம்பு, உருண்டைத் தலை, கண்ணிருக்கும் இடத்தில் நீல வெளிச்சம். கையைத் தூக்கும், குந்தி எழும்பும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். ‘இது வந்துதான் நம்ம பிள்ளைங்க நடக்கப்போகுதாக்கும்’ என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் எல்லாரும் பாயை விட்டு நகர்ந்து நகர்ந்து அதன் காலடிக்குப் போய்விட்டார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மிஸ் அது வேலை செய்யும் விதத்தைச் சொன்னாள். பிள்ளையின் இடுப்பில் ஒரு பெல்ட் கட்ட வேண்டும். அதில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். பிள்ளை எழுந்து நின்று திரும்ப உட்கார்வதை அந்தப் பெட்டி ரோபோவுக்குச் சொல்லும், ரோபோ எண்ணும், பாராட்டும், தானும் கூடவே செய்யும். பிள்ளை தளர்ந்து மெதுவாகிவிட்டால் அதுவும் ரோபோவுக்குத் தெரிந்துவிடும். உடனே பேசி உட்கார வைக்கும். அதன் பிறகு பிள்ளை தானாக எழுந்தால்தான் எண்ணும், இல்லாவிட்டால் சும்மா காத்திருக்கும். இதைக் கேட்டதும்தான் புவானின் முகம் மலர்ந்தது.

“நாமெல்லாம் மனுசங்க, ஆசையில ஒண்ணு ரெண்டு கூடுதலாச் செய்யச் சொல்லிருவோம். இதுக்கு ஆசை கிடையாது,” என்று மலாயில் சொன்னார்.

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எட்டு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அவளுக்குத் தசை தேய்கிற நோய். நுனிக்காலில் ஆடி ஆடி நடப்பாள். தரையிலிருந்து எழ வேண்டுமென்றால் கையைத் தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுவாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை நடக்கலாம், அதுவரை நடக்க வைத்திருப்பதுதான் நம் கையில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்றப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கூடினால் நல்லது. இவளுக்கு அப்படி இல்லை. களைக்கும் வரை போகவே கூடாது, களைத்த தசை கிழிந்தால் திரும்ப வளராது என்று புவான் என்னிடமும் அவள் அம்மாவிடமும் பலமுறை சொல்லியிருந்தார். அவளுக்கு நான்கு வருட நடை மிச்சமிருந்தது. அந்த நான்கு வருடத்தைத்தான் எங்கள் கையில் கொடுத்திருந்தார்கள்.

ரோபோ மலாயும் ஆங்கிலமும் பேசியது. தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள், அவர்களுக்குத் தமிழில் பேசினால் நன்றாக இருக்கும் என்று மிஸ் ஆசைப்பட்டாள். பல்கலைக்கழகத்தில் யாரோ எழுதிக் கொடுத்த தாளோடு வந்து என்னைப் படிக்கச் சொன்னாள். முதல் வாக்கியமே, ‘தாங்கள் உடற்பயிற்சிக்கு ஆயத்தமாக உள்ளீர்களா?’ எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இப்படிப் பேசினால் பிள்ளை பயந்து ஓடிவிடும், எங்கே, ஓடத்தான் முடியாதே என்றேன். அவளுக்குப் புரியவைத்ததும் அவளும் சிரித்தாள். “உங்க வழக்கப்படியே சொல்லுங்க. அர்த்தம் மாறாம இருந்தா போதும்,” என்று மலாயில் சொல்லி எனக்கு உரிமை கொடுத்தாள்.

சத்தம் வரக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, சக்கர நாற்காலிகள் அடைத்துக் கிடக்கும் சாமான் அறையில் உட்கார்ந்தோம். வியர்வை முதுகில் வழிந்தது. முதல் மூன்று பகுதிகள் சிரிப்பும் பேச்சுமாக முடிந்தன. நான்காம் பகுதியில் நான்கே வாக்கியங்கள். பிள்ளை களைத்துப்போனால் சொல்வதற்கு என்றாள் மிஸ். ‘உங்களால் இயலவில்லை என்றால் பரவாயில்லை.’ ‘இன்றைக்கு இது போதும்.’ ‘நிறுத்திவிட்டு ஓய்வு எடுங்கள்.’ ‘நேற்றைவிடக் குறைந்தாலும் கவலை வேண்டாம்.’

பதிவு செய்வதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். ‘இன்றைக்கு இது போதும்’ என்று நான் முடிக்கவும், கூரைப் பக்கம் ஒரு பல்லி ‘ச்சு ச்சு ச்சு’ என்று சொல்லவும் சரியாக இருந்தது. என் கை தானாக மேசையை மூன்று தட்டுத் தட்டியது. ஏன் தட்டுகிறீர்கள் என்று மிஸ் கேட்டாள். பூச்சி என்றேன்.

எங்கள் வீட்டில் சீக்காளி முன்னால் முடியவில்லை, போதும், குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கிளம்பும்போதுகூட வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்த தம்பியைப் பார்த்து ‘இவன் இனிமே அவ்ளோதான்’ என்று விளையாட்டாகச் சொன்னதற்கு அம்மா என் வாயிலேயே அடித்தது நினைவிருக்கிறது. மனிதர் வாய் ஒருமுறை சொன்னாலே அப்படி. இந்த இயந்திரமோ நாளெல்லாம், மாதக் கணக்கில், நூறு முறை ஆயிரம் முறை என் குரலில் அதைச் சொல்லப்போகிறது. அதுவும் கால் வராத பிள்ளைகளிடம். பல்லி வேறு சொல்லிவிட்டது. எனக்கு வாய் வரவில்லை.

அதனால் மாற்றினேன். ‘உன்னால முடியும் கண்ணு.’ ‘இன்னும் கொஞ்சந்தான், வா.’ ‘இதோ ஆச்சு, இன்னொரு தடவ எந்திரி.’ ‘நேத்தைய விட இன்னிக்கு நல்லா செய்யிற.’ களைத்த பிள்ளைக்குத் தேவை தெம்பு தருகிற பேச்சுதானே என்று அப்போது உண்மையாகவே நம்பினேன். அந்தப் பெண் பிள்ளைக்குக் களைப்பே ஆகாது என்று புவான் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கே வரவில்லை. மிஸ்ஸுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

பிள்ளைகள் அதற்குக் குட்டி டீச்சர் என்று பேர் வைத்தார்கள். நான் பெரிய டீச்சர் ஆகிவிட்டேன். அந்தப் பெண் பிள்ளைக்கு அதன் மேல் உயிர். வந்ததும் அதற்கு வணக்கம் சொல்வாள், தன் தலையிலிருந்த மஞ்சள் கிளிப்பைக் கழற்றி அதன் காதுப் பக்கம் மாட்டுவாள். அது ஏழு என்று எண்ணினால், “இல்ல, அது எட்டு. உனக்கு எண்ணவே தெரியல,” என்று சண்டைக்குப் போவாள். அவள் அம்மா பள்ளிக் கேன்டீனில் வேலை முடித்துக் கைலியில் எண்ணெய் வாசத்தோடு மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கூட்டிவருவாள். சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ரோபோ வந்ததில் எனக்குக் கை ஒழிந்தது. அவளை அதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு நான் அடுத்த பாயில் வேறு பிள்ளையின் காலை நீட்டிக்கொண்டிருப்பேன். ‘இன்னும் கொஞ்சந்தான், வா’ என்று என் குரல் என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். சொன்னால் வெட்கக்கேடு, எனக்குப் பெருமையாக இருக்கும். என் குரல் இவ்வளவு இனிமையாக இருக்கிறதே என்று நினைப்பேன்.

முதல் இரண்டு மாதம் அவள் எழுந்து உட்காரும் எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து பதினெட்டானது. மையமே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. அவள் அம்மா வீட்டிலும் சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்து, குட்டி டீச்சர் மாதிரியே பேசி இன்னும் பத்து முறை செய்ய வைத்தாள். எனக்கு அது தெரியும். நான் தடுக்கவில்லை. “பொம்ம மாதிரியே நானும் சொல்லிப் பாக்குறேன்க்கா, உடனே எந்திரிக்கிறா லா,” என்று சொல்லி அவள் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. வலியென்று பிள்ளை அழுவதாகவும், தைலம் தேய்த்து விடுவதாகவும் அம்மா சொன்னாள். நான்காம் மாதம் எண்ணிக்கை இறங்கியது. பள்ளியில் அடிக்கடி விழுந்தாள். புவான் அவள் தொடையைத் தொட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

“நடுவுல ஓய்வு எடுக்கிறாளா?” என்று என்னிடம் கேட்டார்.

“எடுக்கிறா புவான். அதான் பொம்மையே சொல்லுதே,” என்றேன். மிஸ் முதல் நாள் சொன்னதுதான் என் மண்டையில் நின்றது, நான் மாற்றிப் பேசியது நிற்கவில்லை.

அதற்குச் சாட்சியாகத் தாளும் இருந்தது. ஒவ்வொரு நாளும் ரோபோ எத்தனை முறை பிள்ளையை ஓய்வெடுக்கச் சொன்னது என்று மிஸ்ஸின் கணினியிலிருந்து தாள் வரும். அந்தப் பிள்ளையின் பேருக்கு நேராக ஒன்பது என்று இருந்தது. ஒரே நாளில் ஒன்பது முறை ஓய்வு. ஒன்பது முறை உட்கார வைத்தும் இப்படித் தளர்கிறாளே, நோய் நினைத்ததைவிட வேகமாகப் போகிறது என்று தமிழ் தெரியாத புவான் முடிவு செய்தார். குறிப்பில் அப்படியே எழுதினார். நான் பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டினேன்.

எனக்கு விளங்கியது ஐந்தாம் மாதம். அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. சுங்கை செம்பிலாங்கிலிருந்து ஒரு மலாய்ப் பையன் வருவான், பிறந்ததிலிருந்தே ஒரு பக்கம் இழுக்கிற பிள்ளை. அவன் அப்பா மீன் பிடிக்கிறவர், வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். அன்றைக்கு அவர் மகன் நாலு முறை எழுந்ததும் ரோபோ மலாயில், போதும், கொஞ்சம் உட்கார்ந்து இளைப்பாறு என்றது. பையன் உட்கார்ந்து மிலோ குடித்தான். அவனுக்கு முன்னால்தான் அந்தப் பெண் பிள்ளை பயிற்சி செய்து முடித்து, முகமெல்லாம் சிவந்து சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

“மலாய் பேசினா நல்ல முதலாளி, உடனே லீவு குடுக்குது. தமிழ் பேசினா ரொம்ப கண்டிப்பு போல. இந்தப் பொண்ணை ஒரு தடவகூட உக்காரச் சொல்லி நான் பாத்ததில்ல,” என்று அவர் என்னிடம் மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரிக்க வாயெடுத்தேன், பாதியில் நிறுத்தினேன். மலாயில் ரோபோ போதும் என்று சொல்கிற அதே இடத்தில் தமிழில் என்ன சொல்கிறது என்று அப்போதுதான் யோசித்தேன். கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். தாளில் இருந்த ஒன்பது, ஒன்பது ஓய்வு இல்லை. களைத்துப்போன பிள்ளையை ஒன்பது முறை நான் எழுப்பியிருக்கிறேன். அந்த இயந்திரம் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. நிறுத்தச் சொல்லத்தான் வாயைத் திறந்திருக்கிறது. வாய் என்னுடையதாக இருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நான் செய்தது என்ன? மறுநாளே மிஸ்ஸைக் கூப்பிட்டு, நான்காம் பகுதியில் சத்தம் தெளிவாக இல்லை, திரும்பப் பேசிக் கொடுக்கிறேன் என்றேன். அவள் நல்ல பெண், கேள்வி கேட்கவில்லை. அதே சாமான் அறை, அதே வியர்வை. ‘போதும் கண்ணு, உக்காரு.’ ‘முடியலன்னா பரவால்ல.’ நான்கையும் சொன்னேன். குரல் உடைந்தது. இரண்டு முறை திரும்பப் பேச வைத்தாள்.

புவானிடம் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை, அழகாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. மற்ற இரண்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர்களுக்குக் கூடுதல் பயிற்சி நல்லதாகவே முடிந்தது. அதையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை, ரோபோ முதன்முதலாகப் போதும் என்று சொன்ன அன்று, உட்காரவில்லை. நின்றபடியே அதைப் பார்த்தாள். அது மறுபடி சொன்னது. மெதுவாக உட்கார்ந்தாள். கிளிப்பை அதன் தலையிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“டீச்சர், குட்டி டீச்சருக்கு என் மேல கோவமா?”

“இல்லடா. களைப்பா இருப்ப, உக்காருன்னு சொல்லுது.”

“முன்னல்லாம் அப்படிச் சொன்னதில்லயே. நான் சரியா செய்யலதானே?”

இல்லை இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். அவள் அதற்குப் பிறகு அதனோடு எண்ணிக்கைச் சண்டை போடவில்லை. சொன்னதும் உட்கார்ந்தாள். ஆறில் உட்கார்ந்தாள், பிறகு நான்கில், பிறகு இரண்டில்.

ஒன்பது வயது முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது, பள்ளிச் சபைகூடலில் நாட்டுப்பண் பாட நின்றவள் அப்படியே மடிந்து உட்கார்ந்தாள். அடி ஒன்றும் படவில்லை. ஆசிரியர்கள் தூக்கி நிறுத்தினார்கள், கால் நிற்கவில்லை. அதன் பிறகு அவள் எழவே இல்லை. எங்கள் சாமான் அறையில் கிடந்த சக்கர நாற்காலிகளில் சின்னதை நானே துடைத்து, காற்றடித்துக் கொடுத்தேன்.

வருடம் முடிந்து ரோபோவைத் திரும்பக் கொண்டுபோக மிஸ் வந்தாள். மகிழ்ச்சியாக இருந்தாள். தமிழ்ப் பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிக முறை செய்திருக்கிறார்கள், தாய்மொழியில் கேட்டால் பிள்ளைகளுக்கு உற்சாகம் கூடுகிறது என்று எழுதப்போவதாகச் சொன்னாள். எனக்கு நன்றி சொல்லி, பிஸ்கட் டின்னை நீட்டினாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் வேறு யாரையோ பற்றிக் கேட்பதுபோலப் புவானிடம் கேட்டேன். அந்த மாதிரிப் பிள்ளைக்குக் கொஞ்ச நாள் பயிற்சி அளவு மீறிப் போயிருந்தால், அதனால் கால் சீக்கிரம் போகுமா என்று.

“போயிருக்கலாம். அது இல்லாமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது,” என்றார். ஏன் கேட்கிறேன் என்று கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

போகும் என்றாவது சொல்லியிருக்கலாம், போகாது என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டுக்காரரிடம் சொன்னேன். “தெரியாம செஞ்சதுதானே லா, விடு,” என்றார். அவருக்கு அது விடுகிற விஷயம். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் அம்மாவிடமே சொல்லிவிடுவது என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். திட்டட்டும், அடிக்கட்டும், ஊரைக் கூட்டட்டும் என்று தயாராகத்தான் போனேன்.

பிள்ளை உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பின்வாசலில் நின்றோம். அவள் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பல்லியிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கையிலிருந்த பள்ளிச் சீருடையைப் பிழிந்தாள், உதறினாள், திரும்பவும் பிழிந்தாள். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை.

“இத ஏன்க்கா எங்கிட்ட வந்து சொல்றீங்க?” என்றாள் கடைசியில்.

“மனசு கேக்கலம்மா.”

“சொல்லிட்டீங்க. உங்க பாரம் எறங்கிருச்சி. நான் எங்க போயி எறக்குறது? வீட்டுல வச்சிப் பத்துப் பத்தா எந்திரிக்க வச்சது நான்தான் லா. உங்க கொரல்ல பொம்ம சொல்லிச்சி, என் கொரல்ல நான் சொன்னேன். இம்புட்டு நாளா சீக்குன்னு நெனச்சி இருந்தேன்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. சீருடையைக் கொடியில் போட்டு, தோள்பட்டையை நேராக இழுத்துவிட்டாள்.

“உங்கள திட்டக்கூட முடியாது எனக்கு. திட்டினா புதன்கெழம எவ மூஞ்சியில முழிக்கிறது? அந்தக் கால நீட்டி விடலன்னா மடங்கிப் போயிரும்னு புவான் சொல்றாங்க. இந்தப் பக்கம் வேற யாரு இருக்கா?” குரலைத் தாழ்த்தினாள். “அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. உங்கள ஒருத்தரத்தான் நம்பிக் கால குடுக்குறா. தெரிஞ்சா வரமாட்டா. சொல்லமாட்டேன்னு சொல்லுங்க.”

சொல்லமாட்டேன் என்றேன்.

புதன்கிழமை வழக்கம்போல வந்தார்கள். பிள்ளையைத் தூக்கிப் பாயில் கிடத்தினேன். எடை கூடியிருந்தாள், எனக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. அவள் அம்மா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வலது கணுக்காலைப் பிடித்து மெதுவாக மேலே வளைத்தேன். வலிக்கும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள், சத்தம் போடமாட்டாள்.

“டீச்சர், ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்கல்ல?”

“எப்பத் திட்டிருக்கேன்?”

“குட்டி டீச்சர் இருந்தப்ப, நான் சில நாளு முழுசா எந்திரிக்கல. கால் வலிச்சிச்சி. பாதி எந்திரிச்சிட்டு டக்குனு உக்காந்துருவேன். அது தெரியாம எண்ணிரும். இன்னும் கொஞ்சந்தான்னு சொல்லிச்சி, நான் ஏமாத்திட்டேன்.” கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அதனாலதானே இப்படி ஆயிருச்சி?”

என் கையில் அவள் பாதம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்தப் பிள்ளையின் நெஞ்சிலிருந்து அதை எடுத்துவிடலாம். பெஞ்சைப் பார்த்தேன். அவள் அம்மா இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதனால இல்லடா. சீக்குனால,” என்றேன்.

“அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க,” என்றாள். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இன்னொரு காலையும் தானே கையால் இழுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“இனிமே ஏமாத்தமாட்டேன் டீச்சர். எத்தன தடவ நீட்டச் சொன்னாலும் செய்யிறேன். எண்ணுங்க.”

நான் எண்ணினேன்.